உறவினர் அல்லாத இருவர்

1

இந்தப் பங்குனியோடு நான் கனடாவுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் நிறைந்தது. அந்த நாளில் நான் செய்த ஒரே வேலை, கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியாமல் காலை எட்டேகாலிலிருந்து பதினொன்றரை வரை சாப்பாட்டு மேசையில் இருந்ததுதான். ஊரில் இதை வாசிக்கிறவர்கள், இங்கே வெள்ளை மொழி தெரியாமல் கிழவன் தடுமாறியிருக்கிறான் என்று நினைக்கக்கூடும். மொழி விளங்கியது. கேள்விதான் விளங்கவில்லை.

காரணத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். என் அண்ணர் நோர்வேயில், பேர்கன் நகரத்தில் இருக்கிறார். வயது எண்பத்துநாலு. சைவக் குடும்பத்துப் பிள்ளை, அங்கே போய்ப் பதினெட்டு வருடம் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கையுறை இரண்டு சோடி போடுவாராம். நான் அவரைக் கண்டு பதினொரு வருடம். மாசி மாதம் போன் எடுத்தார். ஈரல் பழுதாம். வைத்தியர்கள் கோடைவரைக்கும் கணக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.

"டேய் தம்பி, வாறதெண்டா இப்ப வா" என்றார். "பிறகு வந்து பெட்டியைப் பாக்கிறதெண்டா வேண்டாம். பெட்டி உங்கையும் இருக்கு."

என் கடவுச்சீட்டைத் தேடி எடுத்தேன். காலாவதியாகி நான்கு வருடம். மனைவி இறந்த வருடத்தோடு அதுவும் போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

புதிய விண்ணப்பத்தில் எல்லாம் சரி. பிறந்த இடம், உயரம், கண்ணின் நிறம். கடைசிப் பக்கத்தில், என்னைக் குறைந்தது இரண்டு வருடமாகத் தெரிந்த இருவரின் பெயர் கேட்டிருந்தது. அவர்கள் எனக்கு உறவினராக இருக்கக்கூடாது.

2

இடையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதையும் சொன்னால்தான் என் குழப்பம் விளங்கும்.

நான் மகள் சுமதியோடு அஜக்ஸில் இருக்கிறேன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, நானூற்றொன்றாம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். வீட்டில் மேலே போகப் பதின்மூன்று படி, கீழே நிலவறைக்குப் பன்னிரண்டு. ஏன் ஒன்று குறைவு என்று நான் சுமதியிடம் மூன்றாம் முறை கேட்டபோது அவள் போனை எடுத்து, நூலகத்தில் முதியவர்களுக்கு நடக்கும் விரிவுரைத் தொடர் ஒன்றில் என் பெயரைப் பதிந்துவிட்டாள்.

"வீட்டுக்குள்ள படியை எண்ணிக்கொண்டிருக்காமல் அங்க போய்க் கதிரையை எண்ணுங்கோ அப்பா."

கதிரை பதினான்கு. ஆட்கள் ஒன்பது. தமிழன் நான் ஒருவன். ஆறு செவ்வாய்க்கிழமை. விடயம், நடுக்கால ஐரோப்பாவில் வணிகமும் பயணமும் எப்படிப் பெருகின என்பது. எனக்கு அது தூரத்து விடயமாகப் படவில்லை. வண்டி ஓடாமல் போகும்வரை பதினாறு வருடம் நான் யாழ்ப்பாண ரயில் நிலையத்தின் சாமான் கந்தோரில் கிளார்க். வெங்காயமும் புகையிலையும் எந்த வண்டியில், எத்தனை கூடை, யாருடைய பொறுப்பில் என்று எழுதினவன். பிரான்சில் நான்கு ஊர்களில் ஆண்டுக்கு ஆறு சந்தை முறை வைத்து நடந்தது என்று விரிவுரை செய்த அம்மா சொன்னபோது, வண்டில் எத்தனை என்றுதான் என் மனம் கேட்டது. அவர் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொன்னார், அது என்னைப் பிடித்துக்கொண்டது. வெளியூர் வணிகன் ஒருவன் புரூஜ் போன்ற நகரத்துக்கு வந்தால், அந்த நகரத்து விடுதிக்காரன் ஒருவனுடைய வீட்டில்தான் தங்குவானாம். விடுதிக்காரன் அவனுக்குச் சோறும் கட்டிலும் மட்டும் கொடுப்பதில்லை. இவன் நல்லவன், இவனுடைய சொல்லுக்கு நான் பொறுப்பு என்று நகரத்துக்கு முன்னால் நிற்பான். விருந்தாளி ஏமாற்றிவிட்டு ஓடினால் விடுதிக்காரன் தலையில்தான் விழும்.

நான் கையை உயர்த்தினேன். "அந்த விடுதிக்காரன் அவனுக்குச் சொந்தமோ?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அந்த அம்மா சிரித்தார். "இல்லை. அதுதானே விசேஷம்! சொந்தக்காரரை மட்டும் நம்பினால் சொந்தக்காரர் இருக்கிற தூரம்வரைக்கும்தான் போகலாம். சொந்தமில்லாதவனை நம்பக் கற்றுக்கொண்ட பிறகுதான் வணிகம் பெருகியது."

நான் வீடு திரும்பும்வரை அதையே நினைத்தேன். எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத தூரம் எது? பேர்கனில் அண்ணர். பாரிஸில் மச்சாள். ஜேர்மனியில் ஒன்றுவிட்ட தம்பிமார் மூவர். இலண்டனில் எண்ணவில்லை. நாங்கள் ஒருத்தரையும் நம்பக் கற்றுக்கொள்ளாமலே உலகம் சுற்றி வந்துவிட்டோமோ?

அண்ணருக்குச் சொல்லவும் அந்த விரிவுரைகளில் ஒரு செய்தி கிடைத்தது. அந்தக் காலத்தில் பேர்கனில் ஜேர்மன் வணிகர் ஒரு தெரு முழுக்க இருந்தார்களாம். தானியம் கொண்டுவந்து காய்ந்த மீன் கொண்டுபோனார்களாம். அங்கே இருக்கும்வரை கலியாணம் செய்யக்கூடாது என்று சட்டமாம். போனில் சொன்னேன்.

"நல்ல சட்டம்" என்றார் அண்ணர். "நான் பிந்திப் போயிட்டன்." பின்னால் அண்ணி ஏதோ சொல்வது கேட்டது. அண்ணர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, போன் நின்றது.

3

இருவரில் ஒருவரைச் சுலபமாகப் பிடித்தேன். ஒன்பது வருடமாக எனக்கு முடி வெட்டும் போர்த்துக்கேயர். அவருடைய முழுப்பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு என்னுடையதும்.

மற்றவராக மரியதாஸைப் போட்டேன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பன்னிரண்டு வருடப் பழக்கம். நான் யோசித்துத்தான் போட்டேன். அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம். அவர் கத்தோலிக்கர், நான் சைவம். இரண்டு தலைமுறை பின்னால் போய்த் தேடினாலும் கலியாண வழியில்கூட ஒரு தொடுப்பு வராது. பெயர் போடட்டோ என்று மட்டும் அவரிடம் கேட்டேன். என்ன கட்டத்தில் போடுகிறேன் என்று சொல்லவில்லை. 'நீர் எனக்கு உறவில்லைத்தானே' என்று ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது?

இரண்டு கிழமை கழித்து மரியதாஸ் வாசலில் நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணை, உங்கட அலுவல் முடிஞ்சுது. கோல் வந்தது. வெளுத்து வாங்கிப்போட்டன்."

"என்ன கேட்டவை?"

"எத்தினை வருசம் தெரியும் எண்டாள். சொன்னன். நீ அவருக்கு உறவோ எண்டாள். நான் விடுவனே? அண்ணன் மாதிரி எண்டுகூடச் சொல்லேல்லை. அண்ணன்தான் எண்டன்!"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ தாஸ். உறவில்லாத ஆக்களின்ர பெயரைத்தான் கேட்டிருக்கினம்."

"அதுக்கு?"

"அதுக்கு, இல்லை எண்டு சொல்லியிருக்கோணும்."

மரியதாஸின் சிரிப்பு மெல்லப் போனது. "ஆரோ ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால, உந்தக் கிழவர் எனக்கு ஆரெண்டே தெரியாது எண்டு சொல்லச் சொல்லுறியளோ?"

"தெரியாதெண்டு இல்லை. உறவில்லை எண்டு."

"ரெண்டும் ஒண்டுதான் அண்ணை" என்றார். மனம் நொந்துதான் போனார். தேத்தண்ணி குடிக்கவில்லை.

அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் என்னை அழைத்தாள். மரியாதையான குரல். நீங்கள் தந்த இருவரில் ஒருவர் உங்கள் சகோதரன் என்கிறாரே என்றாள்.

"சகோதரன்தான், ஆனால் சகோதரன் இல்லை" என்றேன்.

அவள் அதை ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, அந்தக் கடைசிப் பக்கத்தைத் திரும்ப நிரப்பி வேறு ஒரு பெயர் தாருங்கள், அதுவரை விண்ணப்பம் அப்படியே இருக்கும் என்றாள். அண்ணர் பேர்கனில் கோடைவரைக்கும் இருக்கிறார். விண்ணப்பம் இங்கே அப்படியே இருக்கிறது.

4

என்னுடைய போன் கொப்பியை எடுத்தேன். இதைத்தான் அந்தப் பங்குனி நாள் காலையில் செய்தேன். மொத்தம் நூற்று நாற்பத்துமூன்று இலக்கம். பிறப்பால் உறவு அறுபத்தொன்று. கலியாண வழியில் முப்பத்தெட்டு. உறவில்லை, ஆனால் கேட்டால் மரியதாஸ் மாதிரி உறவு என்றுதான் சொல்லுவார்கள், இருபத்தொன்பது. இறந்துபோனவர்கள், நான் வெட்டாமல் வைத்திருப்பது, ஒன்பது.

மிச்சம் ஆறு. பல் வைத்தியர், மருந்துக்கடை, நூலகம், தண்ணீர்க் குழாய் திருத்துகிறவர், கோயில் அலுவலகம். ஒவ்வொன்றிலும் யார் போன் எடுப்பார் என்றுகூடத் தெரியாது.

முப்பத்திரண்டு வருடம் ஒரு தேசத்தில் இருந்து, முடி வெட்டுகிறவரைத் தவிர எனக்கு ஒரு அந்நியன் இல்லை. இது வெட்கப்படவேண்டியதா, பெருமைப்படவேண்டியதா? நான் இரண்டையும் கொஞ்ச நேரம் செய்து பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை.

ஆறாவது இலக்கத்தின் மேல் நான் பேனையால் மூன்று கோடு கீறியிருந்தேன். ஆனாலும் வாசிக்கலாம். குமரனுடையது.

குமரன் சுமதியின் கணவனாகப் பன்னிரண்டு வருடம் இருந்தவர். விவாகரத்தாகி ஐந்து வருடம். இப்போது ஸ்ரௌவ்வில்லில் தனியாக இருக்கிறார். ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து, பேத்தி அபியை ஏற்றிக்கொண்டு போவார். காரை விட்டு இறங்க மாட்டார். வருடத்துக்கு இருபத்தாறு தரம். ஐந்து வருடத்தில் நூற்று முப்பது. அவ்வளவு தரமும் நான் யன்னலால் அந்தக் காரின் கூரையைப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்துப் பெண்ணைத் திரும்ப அழைத்தேன். 'முன்னாள் மருமகன்' என்பதற்கு ஆங்கிலம் வரவில்லை. என் மகளின் 'ஓல்ட் ஹஸ்பண்ட்' என்றேன். எத்தனை வயது என்று கேட்டாள். விளக்கினேன். யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, திருமணம் முடிந்துபோனதென்றால் அவர் இப்போது உங்கள் உறவினர் அல்ல, தாராளமாகப் போடலாம் என்றாள்.

ஒரு அரசாங்கம் அப்படிச் சொன்னபோது எனக்கு ஏனோ கோபம் வந்தது. அதே சொல்லை மரியதாஸிடம் நான் சொன்னபோது வரவில்லை.

5

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, படிவத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கினேன். வாசலிலிருந்து கார்வரை இருபத்திரண்டு அடி. என்னைக் கண்டதும் குமரன் அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார். தலை நரைத்திருந்தது. கூரையைப் பார்த்தால் அது தெரியாது.

"என்ன மாமா, அபிக்குச் சுகமில்லையோ?"

"இல்லை, இல்லை. அவள் சப்பாத்துத் தேடுறாள். எனக்கொரு அலுவல்."

படிவத்தைக் கொடுத்தேன். அண்ணரைப் பற்றியும் சொன்னேன்.

"பேர்கன் மாமாவோ? எங்கட கலியாணத்துக்கு வந்து, சோறு காணாதெண்டு சமையல்காரரோட சண்டை பிடிச்சவர்?"

"ஓம். அவர்தான்."

குமரன் படிவத்தை வாசித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. சத்தமில்லாமல் சிரித்தார்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி உதே வாசலில நிண்டு நீங்கள் சொன்னனீங்கள் மாமா. இனி உமக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு தொடுசலும் இல்லை எண்டு. இப்ப அதை எழுத்தில கேக்கிறியள்."

"கோபத்தில சொன்னது."

"தெரியும்." பேனையை வாங்கினார். "கோல் வந்தா என்ன சொல்லோணும்?"

"உறவில்லை எண்டு."

"சிரிக்காமச் சொல்லோணும், என்ன?"

விலாசத்தை அவரே எழுதினார். அதை எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. போன் இலக்கம் எழுதும்போது நிமிர்ந்து பார்த்தார். "நம்பர் பழையதுதான் மாமா. மாத்தேல்லை."

அபி வந்து முன்கதவைத் திறந்தாள். பதின்மூன்று வயது. நாங்கள் கதைப்பதை நம்பாமல் என்னையும் தகப்பனையும் மாறிமாறிப் பார்த்தாள். "வெயிட். அம்மப்பா, யூ ரோக் ரு டாட்?"

"உம்முடைய அப்பா எனக்குச் சாட்சி" என்றேன். அவளுக்குச் சாட்சி என்ற சொல் தெரியவில்லை. குமரன் விளக்கினார். அவள் சிறிது யோசித்து, "தற்ஸ் சோ வியெர்ட்" என்றாள். எனக்கும் அது விசித்திரமாகத்தான் பட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசி விரிவுரை. அதே காலத்தில் பல நகரங்களில் இன்னொரு வழக்கமும் இருந்ததாம். ஒரு ஊரான் கடன் வைத்துவிட்டு ஓடினால், அதே ஊரைச் சேர்ந்த வேறொருவனின் சரக்கைப் பிடித்து வைப்பார்களாம். நீ அவனை அறியாவிட்டாலும் அவன் உன் ஆள்தான். பிறகு மெல்ல மெல்ல அந்த வழக்கம் ஒழிந்து, ஒவ்வொருவனும் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பானானாம். அந்த அம்மா இதை வளர்ச்சி என்றார். நான் குறிப்புக் கொப்பியில் வளர்ச்சி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்த வணிகன் தூரம் போவதற்காக அந்நியனை ஆளாக்கிக்கொண்டான். நான் தூரம் போவதற்காக என் ஆளை அந்நியனாக்கியிருக்கிறேன். இது அதே பாதையா, அல்லது நான் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டுகிறேனா? கேட்கலாம் என்று கையை உயர்த்தினேன். என் ஆங்கிலத்துக்கு அது பெரிய கேள்வி. வண்டில் எத்தனை என்று கேட்டுவிட்டு இறக்கினேன்.

6

ஒன்பதாம் நாள் குமரன் போன் எடுத்தார்.

"கோல் வந்தது மாமா."

"சிரிச்சீரோ?"

"இல்லை. எத்தினை வருசம் தெரியும் எண்டாள். பதினேழு எண்டன். உறவோ எண்டாள். இல்லை எண்டன். அதோட விடுவாள் எண்டு பாத்தன். அப்ப எப்பிடி உனக்கு அவரைத் தெரியும் எண்டு கேட்டாள். அதுக்கு நாங்கள் ஒண்டும் கதைச்சு வைக்கேல்லையே."

"என்ன சொன்னீர்?"

"எனக்கு நல்லவரா இருந்தவர் எண்டு சொன்னன்."

நான் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். பதினேழு வருடத்தில் நான் குமரனுக்கு எப்போது நல்லவனாக இருந்தேன்? வேலை போன குளிர்காலத்தில் அவருக்கு என் பெரிய மேலங்கியைக் கொடுத்தேன். அபி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். பிறகு? அவர்கள் பிரிந்தபோது அவர் பக்கக் கதையை நான் ஒருதரமாவது கேட்டேனா? கேட்கவில்லை. சுமதி அழுதாள், அது எனக்குப் போதுமாக இருந்தது. இரண்டுக்கு மேல் எண்ணிக்கை ஏறவில்லை. கோப்பியைச் சேர்க்கலாமா என்பதிலும் சந்தேகம்.

கடவுச்சீட்டு ஒரு புதன்கிழமை வந்தது. பயணம் அடுத்த வியாழன், இரவு எட்டரை விமானம். அண்ணருக்குச் சொன்னேன். "அப்ப அதுவரைக்கும் கிடக்கிறன்" என்றார்.

இடையில் வந்த வெள்ளிக்கிழமை குமரனின் முறை. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனேன். முன்கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்தேன். கடவுச்சீட்டைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்து, "உறவில்லாத ஆளைப் போலதான் இருக்கிறியள்" என்றார்.

கேட்டேவிட்டேன். "நான் எப்ப உமக்கு நல்லவனா இருந்தனான்?"

குமரன் வீட்டைப் பார்த்தார். மேல் யன்னலில் திரை அசைந்தது. "அவள் அவசரப்படுத்தினாள் மாமா. வாயில வந்ததைச் சொன்னன்."

"அப்ப பொய்யோ?"

"தெரியேல்லை" என்றார். "சொன்னாப் பிறகு நானும் யோசிச்சுப் பாத்தன்." என்ன கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. "வியாழக்கிழமை ஆர் ஏத்திறது?"

"ரக்ஸி. சுமதிக்கு வேலை."

"ரக்ஸி வேண்டாம். நான் வாறன்."

"சுமதி..."

"அது நீங்கள்தான் சொல்லோணும்."

அபி வந்து கண்ணாடியில் தட்டினாள். அது அவளுடைய இருக்கையாம். இறங்கி நின்று, கார் திருப்பத்தில் மறையும்வரை பார்த்தேன். வியாழனுக்கு ஆறு நாள் இருந்தது. எப்படிச் சொல்வது என்று அந்த ஆறு நாளையும் ஆறாகப் பிரித்து யோசித்தபடி உள்ளே வந்தேன்.

சுமதி குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவினாள். தண்ணீரை நிறுத்தவில்லை.

"என்னவாம்?"

"வியாழக்கிழமை எயார்ப்போட்டுக்குத் தான் ஏத்துறாராம்."

அவள் மூன்று கோப்பை கழுவினாள். நான்காவதை இரண்டு தரம் கழுவினாள்.

"நாலு மணிக்கே வரச் சொல்லுங்கோ" என்றாள். "பிந்தினா நானூற்றொண்டு ரோட்டு இறுகிக் கிடக்கும். வந்தா உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ. அந்தப் பெரிய பெட்டியை உங்களால தூக்கேலாது."